வீட்டுக்கு ஒரு சிறு ஜெனரேட்டர்: கணக்கும் கம்பியும் கார்புரேட்டரும்

மின்தடை நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டும் நாட்கள் கூடிக்கொண்டே போனதால், தூக்கி இடம் மாற்றத்தக்க பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்குவது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். வீட்டில் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. விளக்குகளையும் மின்விசிறிகளையும் அது தாங்கும். ஃபிரிட்ஜும் கிணற்று மோட்டாரும்தான் அதன் சக்திக்கு மிஞ்சியவை. வாங்கியதிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 90 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அதை வீட்டோடு ஒழுங்காக இணைத்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆகவே இந்தப் பதிவிலும் இணைப்பு வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் செய்தது கணக்கு. சாதனங்களின் பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் எண்களைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் தேவை 1,250 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கூட்டலை மட்டும் நம்பியிருந்தால் 1.5 கிலோவாட் இயந்திரத்தை வாங்கி ஏமாந்திருப்பேன். மோட்டார் உள்ள எந்தச் சாதனமும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த உச்சத்தைப் பிடித்துவைத்துக் காட்டும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். ஃபிரிட்ஜ் ஓடும்போது 0.9 ஆம்பியர் எடுக்கிறது. கம்ப்ரஸர் கிளம்பும்போது 8 ஆம்பியர். அரைக் குதிரைத்திறன் கிணற்று மோட்டார் ஓடும்போது 3.8 ஆம்பியர், கிளம்பும்போது 19 ஆம்பியர். 230 வோல்ட்டில் 19 ஆம்பியர் என்பது நான்கு கிலோவோல்ட்-ஆம்பியருக்கும் மேல். அரை நொடிதான் என்றாலும், அந்த அரை நொடியைத் தாண்டாவிட்டால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் அதிகபட்சத் திறன். தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறனைத் தகட்டில் சிறு எழுத்தில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருந்தால் அது கிலோவாட் ஆகாது. மோட்டார்ச் சுமைக்கு அதில் ஐந்தில் நான்கு பங்குதான் கிலோவாட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டை இன்னும் கழித்துக்கொள்ள வேண்டும். அங்கே காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

அடுத்த கேள்வி, சாதாரண வகையா, இன்வெர்ட்டர் வகையா என்பது. இந்தப் பெயர் நம்மைக் குழப்பும். பேட்டரிப் பெட்டியைத்தான் நாம் இன்வெர்ட்டர் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் எஞ்சினிலிருந்து வரும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, பிறகு மின்னணுச் சுற்று ஒன்றினால் சீரான மாறுமின்சாரமாகத் திரும்ப உருவாக்கப்படுகிறது. அதனால் சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடலாம். சத்தமும் பெட்ரோல் செலவும் கணிசமாகக் குறையும். சாதாரண வகையில் அந்தச் சலுகை கிடையாது. எஞ்சினோடு சுழன்று மின்சாரத்தை உருவாக்கும் இரு துருவ ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 3,600. ஒரே ஒரு விளக்குக்காக ஓட்டினாலும் அதே வேகம், அதே இரைச்சல். இவ்வளவும் தெரிந்தும் நான் 3 கேவிஏ சாதாரண வகையையே வாங்கினேன். இன்வெர்ட்டர் வகையின் மின்னணுச் சுற்று, மிகைச்சுமை வந்தால் உடனே தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிடும். செம்புச் சுருள் மட்டும் உள்ள சாதாரண ஆல்டர்னேட்டரோ கொஞ்சம் திணறி, மின்னழுத்தத்தை இறக்கி, எப்படியோ மோட்டாரைக் கிளப்பிவிடும். கிணற்று மோட்டார் இல்லாத வீடாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 2 கேவிஏ இன்வெர்ட்டர் வகையை வாங்கியிருப்பேன்.

ஆனால் முதல் நாள் அந்த மோட்டார் கிளம்பவில்லை. சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் உறுமித் தாழ்ந்தது, விளக்குகள் மங்கின, மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியபடி நின்றது. மூன்று நொடியில் அணைத்துவிட்டேன். தவறான இயந்திரத்தை வாங்கிவிட்டோம் என்ற வருத்தத்தோடு மீட்டரைப் பார்த்தபோது, கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் 160 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், 160 வோல்ட்டில் அது பாதியாகக்கூட இருக்காது. மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரைக் கழற்றி, முனைகளைச் சேர்த்து மின்னூட்டத்தை வடித்துவிட்டு அளந்தேன். மேலே 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 6.1 காட்டியது. பொது மின்சாரத்தில் 230 வோல்ட் குறையாமல் கிடைத்ததால் இத்தனை நாள் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. புதுக் கெப்பாசிட்டர் போட்ட பிறகு, எஞ்சின் ஒரு கணம் முக்கிவிட்டு மோட்டாரைக் கிளப்பிவிடுகிறது. மற்றச் சுமைகள் எதுவும் இல்லாதபோதே மோட்டாரைப் போட வேண்டும், அது நிலைக்கு வந்த பின்புதான் ஃபிரிட்ஜ் என்ற வரிசையையும் அன்றிலிருந்து மாற்றுவதில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றைக் கணினியின் யுபிஎஸ் கொடுத்தது. ஜெனரேட்டர் மின்சாரம் வந்துகொண்டிருந்தபோதும் அது ஏற்றுக்கொள்ள மறுத்து, பேட்டரிக்கே தாவிக்கொண்டிருந்தது. மின்னழுத்தம் 232 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிர்வெண்ணைப் பார்த்தால் 53.5 ஹெர்ட்ஸ். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், சுமை ஏற ஏறச் சற்று வேகம் குறையும்படி அமைந்தது. ஆகவே வெறுமனே ஓடும்போது கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வைத்திருப்பார்கள். என்னுடையதில் அந்தக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மீட்டரைச் செருகி வைத்துக்கொண்டு, கவர்னர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி 52 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். இப்போது 1,200 வாட் சுமையில் 50.4 நிற்கிறது; யுபிஎஸ்ஸும் முரண்டு பிடிப்பதில்லை. மீட்டர் இல்லாமல் காதால் கேட்டுத் திருப்பும் வேலை இது இல்லை. வேகம் எகிறினால் மின்னழுத்தமும் எகிறும்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதில் நான் செய்த தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று பக்கமும் திறந்த பின்புறத் தாழ்வாரம் இருக்கிறது. மழை படாது, கம்பியும் குறைவாகவே தேவைப்படும், காற்றோட்டமும் இருக்கிறது என்று அங்கேயே வைத்தேன். அதையொட்டிய அறையின் ஜன்னலையும் மூடியிருந்தேன். எண் காட்டும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைச் சோதனைக்காக அந்த அறையில் வைத்திருந்தேன். இருபது நிமிடத்தில் அது 38 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 38 பங்கு) காட்டியது. அலாரம் ஒலிக்கவே இல்லை, ஒலிக்கவும் வேண்டியதில்லை, இ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி 50 பிபிஎம் அளவுக்கு 60 முதல் 90 நிமிடத்துக்குள்தான் அது ஒலிக்கும். எண் காட்டாத, ஒலி மட்டும் எழுப்பும் கருவியாக இருந்திருந்தால் இரவு முழுவதும் அப்படியே ஓடவிட்டிருப்பேன். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்வதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், காற்றில் சிறிதளவு இருந்தாலும் உடலில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் அறிகுறி என்பதால், தூங்குகிறவருக்கு அது தெரியப் போவதுமில்லை.

மறுநாளே இடத்தை மாற்றினேன். கதவு, ஜன்னல் எதிலிருந்தும் குறைந்தது ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நான் எட்டு மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி, தரையிலிருந்து ஓரடி உயர்ந்த சிமெண்ட் மேடையில் வைத்தேன். மழைக்கு நான்கு கால் நட்டு ஒரு தகரக் கூரை மட்டும். பக்கச் சுவர் எதுவும் வைக்கவில்லை. அலாரம் இப்போது 0 காட்டுகிறது. அறைக்குள் அது நிரந்தரமாகவே தொங்குகிறது.

எட்டு மீட்டர் தள்ளியதால், சுவரோரமாக வளைந்து வரும் கம்பியின் நீளம் 20 மீட்டர் ஆயிற்று. ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பி போதும் என்று கடையில் சொன்னார்கள். போகவும் வரவும் 40 மீட்டர் செம்பு. அந்தத் தடிமனில் கம்பியின் தடை ஏறத்தாழ 0.72 ஓம், மோட்டார் கிளம்பும் 19 ஆம்பியரில் கம்பியிலேயே 14 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் கணத்தில் அதையும் இழக்க மனம் வரவில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று இழை ரப்பர் உறைக் கம்பி வாங்கினேன். இழப்பு ஆறு வோல்ட்டுக்குள் அடங்கியது. கம்பியை உருளையில் சுற்றியபடியே பயன்படுத்துவதில்லை. சுற்றிய கம்பியில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி உறையையே உருக்கிவிடும்.

இனி இணைப்பு. இரு முனையிலும் பிளக் பின் உள்ள கம்பி ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வீட்டுப் பிளக் துளையிலும் செருகிவிட்டால் வீடு முழுக்க மின்சாரம் வந்துவிடும் என்று சொல்ல ஆள் எப்போதும் கிடைப்பார்கள். வரும் என்பது உண்மைதான். கம்பி கழன்றால் கையில் இருக்கும் பிளக் பின்னிலேயே மின்சாரம் ஓடும் என்பது முதல் ஆபத்து. அதைவிடப் பெரியது, மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் நம் மின்சாரம் தெருவுக்குப் போவது. மின்மாற்றிக்கு முன்னும் பின்னும் ஒன்றே. 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கும் அதே கருவி, நாம் கொடுக்கும் 230ஐ 11,000 ஆக ஏற்றி, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவரின் கைக்கு அனுப்பும். பொது மின்சாரம் திடீரென்று திரும்பி வந்தால் இரண்டும் அலை பொருந்தாமல் மோதி, ஜெனரேட்டரின் சுருளே எரிந்துபோகக்கூடும். மறதிக்கு இடமே கொடுக்காத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கும்போது இந்த விளையாட்டு எதற்கு என்று புரியவில்லை.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் இதைச் செய்தேன். இந்த ஒரு வேலையை நானே செய்யத் துணியவில்லை. ஃபிரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டர், இரண்டு அறை விளக்குகள் ஆகியவற்றை மட்டும் தனிப் பெட்டிக்குப் பிரித்து, அதற்கு முன்னால் மூன்று நிலைகள் கொண்ட இருமுனைச் சேஞ்ச்ஓவரைப் பொருத்தினார். ஒரு நிலையில் பொது மின்சாரம், நடுவில் எதுவும் இல்லை, மறு நிலையில் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேர இணைய வழியே இல்லை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அது துண்டிக்கிறது. வெளிச்சுவரில், பின்கள் உள்ளடங்கிய 16 ஆம்பியர் இன்லெட் ஒன்று. மின்சாரம் பெறும் பக்கத்தில்தான் பின் இருக்கும், கொடுக்கும் பக்கத்தில் எப்போதும் துளை என்ற நியதி இதில் காக்கப்படுகிறது.

அன்று எனக்கு விளங்காமல் இருந்த ஒன்றை அவர் டெஸ்டரை வைத்தே காட்டினார். ஜெனரேட்டரின் பிளக் துளைகளில் ஒன்றில் டெஸ்டரை வைத்தார், மங்கலாக எரிந்தது. மற்றொன்றில் வைத்தார், அதிலும் அதே மங்கல். எது ஃபேஸ், எது நியூட்ரல் என்றே சொல்ல முடியவில்லை. "இதுக்கு நியூட்ரலே கிடையாது சார், ரெண்டும் மிதக்குது" என்றார். பொது மின்சாரத்தில் நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் மண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் அந்தப் பிணைப்பு இருப்பதில்லை. பிணைப்பு இல்லாதபோது ஃபேஸ் கம்பி ஃபிரிட்ஜின் உடலைத் தொட்டாலும் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று நாம் நம்பியிருக்கும் ஆர்சிசிபி விழாது. பழுது வெளியில் தெரியாமல் காத்திருந்து, இரண்டாவது பழுது வரும்போது கடிக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது அப்போதும் விழும் என்பதுதான் இதில் ஏமாற்றும் இடம். பொத்தான் தன் உள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சிறு மின்னோட்டத்தை விட்டுச் சோதிக்கிறது, மண்ணைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எங்கள் அமைப்பில் சேஞ்ச்ஓவர் நியூட்ரலையும் துண்டிப்பதால், ஜெனரேட்டர்ப் பக்கத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் அவர் பிணைத்து, தனி எர்த் கம்பியும் அடித்து, ஃபேஸிலிருந்து எர்த்துக்கு மின்னோட்டம் விடும் சோதனைக் கருவியால் ஆர்சிசிபியை விழவைத்துக் காட்டிய பிறகே கையெழுத்திட்டார். இதற்கான விதி நாட்டுக்கு நாடும் இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும். என்னுடையதைப் பார்த்து யாரும் தானாகப் பிணைக்க வேண்டாம்.

ஓட்டும் முறையைப் பெட்ரோல்தான் தீர்மானித்தது. தொடர்ந்து நான்கு மணி நேரம், சராசரி 400 வாட் சுமையில் ஓட்டியபோது 2.6 லிட்டர் செலவாயிற்று, கிடைத்தது 1.6 யூனிட். 1,200 வாட் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 1.1 லிட்டருக்கு 1.2 யூனிட் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது என்பதை நினைத்தால் இரண்டுமே பரிதாபம்தான்; ஆனாலும் லிட்டருக்குக் கிடைப்பதில் முன்னதைப்போல் பின்னது ஏறக்குறைய இரு மடங்கு. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். எனவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டி, அதற்குள் தொட்டியை நிரப்பி, ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஏற்றிவிடுகிறேன். நள்ளிரவில் அண்டை வீட்டாரின் தூக்கமும் கெடுவதில்லை. நிறுத்தும்போது சுமையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைப்பேன். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தாலே போதும் என்பதால், இருபது நிமிடம் ஆறிய பிறகே டாங்க் மூடியைத் திறப்பேன்.

ஒருமுறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. கயிற்றை எத்தனை முறை இழுத்தும் ஸ்பார்க் வரவில்லை. மேடையைக் கழுவுவதற்காக இயந்திரத்தை இறக்கிச் சரிவான மண்ணில் வைத்து ஓட்டியிருந்தேன். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதால், ஆயில் குறைவு என்று நினைத்த சென்சார் ஸ்பார்க்கை நிறுத்திவிட்டது. நிமிர்த்தி வைத்ததும் ஓடியது.

பெரிய பழுது ஒன்றுதான், அதுவும் என் சோம்பலால் வந்தது. ஐந்து மாதம் மின்தடையே இல்லாமல் போனதால் இயந்திரத்தைத் தொடவில்லை. பிறகு தேவைப்பட்ட நாளில், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் கிளம்பியது, சோக்கைத் திறந்தால் இரண்டு நொடியில் அணைந்தது. பாதிச் சோக்கில் வைத்தால் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடியது. காற்றைக் குறைத்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், அப்படியானால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில்தான் கோளாறு.

டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்தேன். தேநீர் நிறத்தில் பழைய வார்னிஷ் வாடையோடு பெட்ரோல் வந்தது. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு அலுமினியத்தை அரித்த அடையாளம். மிதவையின் ஊசியைப் பிடித்திருக்கும் சிறு கம்பியை உருவி, நடுத் தூணுக்குள் சப்பை ஸ்க்ரூடிரைவரை விட்டு பெட்ரோலை அளவோடு விடும் மெயின் ஜெட்டைக் கழற்றினேன். அரிசிமணி அளவுப் பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, வட்டமாகத் தெரிய வேண்டிய ஒளி பிறைபோலத் தெரிந்தது. எஃகு ஊசியை விட்டால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும் என்பதால், மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை விட்டு மெல்ல இழுத்து, கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, மறுபடி வெளிச்சத்தில் பார்த்தேன். முழு வட்டம் தெரிந்தது.

சேர்க்கும்போதுதான் தகராறு வந்தது. கிண்ணத்தின் ரப்பர் வளையம் கிளீனரில் நனைந்து ஊதிப் பெருத்து, தன் பள்ளத்துக்குள் அடங்க மறுத்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. வலிந்து திணித்து மூடினால் பெட்ரோல் கசியும். புது வளையம் தேடிப் போகலாமா என்று யோசித்து, இருட்டிவிட்டதால் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் உலர்ந்து பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. விரலால் வைத்ததும் பள்ளத்தில் உட்கார்ந்தது. கிண்ணத்தை மாட்டி, பெட்ரோல் வால்வைத் திறந்து, கசிவு இல்லை என்று பத்து நிமிடம் பார்த்த பின் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. சோக்கைத் திறந்தும் அணையவில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம், மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் போட்டே ஓட்டுகிறேன். முடிவில் சுவிட்சை அணைப்பதில்லை. பெட்ரோல் வால்வை மட்டும் மூடிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் குடித்துத் தானே நிற்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.